நண்பகலில் கைமாறிய சேவல்

லா பாஸ், ரொத்ரீகெஸ் சந்தைக்கு மேலே உள்ள விடுதி,
ஜனவரி மாதக் கடைசி வியாழக்கிழமை.

மதிப்பிலும் கண்டிப்பிலும் பெற்ற தாயையே மிஞ்சிய தெல்ஃபீனா அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கு நான் நலம். மூச்சு மட்டும் பாதிதான் வருகிறது. ஆனால் இந்த உயரத்தில் எல்லோருக்கும் அவ்வளவுதான் பங்கு போலிருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை. உன் முட்டிவலி, உன் மகள் நொயெமியின் ஒற்றைத் தலைவலி, கொல்லையில் படர்ந்த திராட்சைக் கொடி, நாய் எல்லாம் நலமென்றே நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் "ஆமாங்க்கா" என்பேன். பேச வாய் வந்த நாளிலிருந்து அப்படித்தான். கடிதத்தில்தான் நான் ஆரம்பித்த வாக்கியத்தை நானே முடிக்க முடிகிறது.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைப் படித்தபிறகு நீ அதை வாங்கிக்கொள்வாயோ என்னவோ. பஸ் நிலையத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ஆயுசு முழுக்க லா பாஸுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நான். அந்த பஸ் எங்கே போய் நிற்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்ட சோய்லா கண்ணை மூடியபிறகு உன் வீட்டுப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து வானொலியோடு வாதாடிக்கொண்டிருந்த என்னை, "நொயெமிக்கு அலசீத்தா சேவல் வாங்கிட்டு வாடா, அது லா பாஸ்ல வாங்கினாதான் பலிக்கும்" என்று சொல்லி, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக பஸ் ஏற்றிவிட்டாயே, அதற்கு நன்றி. தோளில் மாட்டிவிட்ட கம்பளிப் பைக்கும், அதில் வைத்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கும், "லா பாஸ்ல கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள திருடிடுவாங்க, தூங்கறப்பக்கூட பையைத் தோள்லேர்ந்து இறக்காதே" என்ற புத்திமதிக்கும் நன்றி. இறக்கவில்லை. குளிக்கும்போது மட்டும் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு அதைப் பார்த்தபடியே குளித்தேன். குளிர் தாங்கவே முடியாவிட்டால் எடுத்துப் போட்டுக்கொள் என்று பையின் அடியில் வைத்தாயே கம்பளிக் காலுறை, அதை இன்னும் தொடவில்லை. நம் தாரிஹா ஊர்க்காரனுக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு.

இந்த ஊரில் சந்தை என்று தனியாக ஒன்று கிடையாது அக்கா. ஊரே சந்தை, நடுநடுவே வீடுகள் இடைஞ்சலாக நிற்கின்றன. ஒரு தெரு முழுக்கத் தொப்பி. ஒரு தெரு முழுக்கக் கதவுக் கைப்பிடி. இன்னொரு தெருவில் கல்யாண கேக்கின் உச்சியில் நிற்கிற மாப்பிள்ளை பெண் பொம்மை மட்டும் விற்கிறார்கள். அதில் மாப்பிள்ளை உடைந்துபோனால் மாப்பிள்ளை மட்டும் தனியாகவும் கிடைக்கும். எல்லாத் தெருவும் மேல் நோக்கிப் போகிறது. இறங்கிப் போனால்கூட எப்படியோ ஏறுவதாகவே முடிகிறது. நானும் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் ஏதாவது வாங்க நிற்பதுபோல நடித்தேன். அப்படி நடித்தே இரண்டு சீப்பு, ஒரு புனல், உருளைக்கிழங்கு மசிக்கும் கட்டை ஒன்று என்று சேர்ந்துவிட்டன. சூனியக்காரிகள் தெருவில் காய்ந்த லாமாக் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "ஐயா, வீடு கட்டறீங்களா? அஸ்திவாரத்துல புதைக்க நல்லதா ஒண்ணு தர்றேன்" என்றாள். "இல்லம்மா, அக்கா வீட்டுப் பின்கட்டுல இருக்கேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு வேற பொடி" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். என்ன பொடி என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. வந்து இறங்கிய காலையில், தலை கிறுகிறுவென்று சுற்ற, சந்தை முனையில் ஊதாச்சோளக் கஞ்சி விற்கும் ஒரு அம்மாளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அசுந்தா என்று பெயர். என் வயதுக்கு நாலைந்து குறையும். கணவர் போய் வெகுகாலம் ஆகிறதாம். கேட்காமலே பக்கத்துக் கடைக்காரி சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்துக் கடைக்காரி தியோஃபிலா, சீஸ் வைத்த பாஸ்தெல் பொரிக்கிறவள். எண்ணெய்ச் சட்டியைவிட அவள் வாய்தான் அதிகம் பொரிகிறது.

"எந்த ஊரு ஐயா?" என்றாள் அசுந்தா.

நம் ஊர் இழுவையில் "தாரிஹாங்க" என்றேன்.

"அடேயப்பா, இவரு ஊர் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கஞ்சி ஆறிப்போச்சு!" என்றாள் தியோஃபிலா.

"ஆறினா வேற ஊத்தித் தர்றேன். நீ உன் சட்டியைப் பாரு" என்று அசுந்தா என் குவளையில் கூட அரைக் குவளை யாப்பாவைக் கொசுறாக ஊற்றினாள். கேட்காமலேயே. அந்த அரைக் குவளையில்தான் நான் விழுந்தேன். யாப்பாவைக் குடித்துவிட்டால் அந்தக் கடைக்கு நீ சொந்தக்கார வாடிக்கை, அதாவது கசேரோ. அவள் உனக்குக் கசேரா. இது தாரிஹாவிலும் உள்ளதுதான், ஆனால் நம் ஊரில் இதை இவ்வளவு கடுமையாக நடத்துவதில்லை. அடுத்த நாள் எனக்குப் பசி. தியோஃபிலாவின் பாஸ்தெல்லோ பொன்னிறமாக உப்பிக்கொண்டு சட்டியில் என்னைப் பார்த்துப் புரண்டது. அங்கே ஒன்று தின்று, கஞ்சியையும் அவளிடமே குடித்துவிட்டேன். அவளும் பேருக்கு ஒரு பானை வைத்திருக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அசுந்தா. தன் பானை மூடியை ஓங்கி வைத்தாள். மறுநாள் காலை நல்ல பிள்ளையாக அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தால், எனக்கு முன்னால் இருந்தவனுக்கு யாப்பா, பின்னால் இருந்தவனுக்கு யாப்பா, எனக்கு மட்டும் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிட்டாள்.

"அம்மா, யாப்பா?" என்றேன்.

"யாப்பா வீட்டு மனுஷங்களுக்கு. வழிப்போக்கருக்கு இல்ல."

"அண்ணே, இங்க வாங்க! நான் ரெண்டா ஊத்தறேன்!" என்று தியோஃபிலா அந்தப் பக்கமிருந்து கூவினாள். சந்தையே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சமாதானத்துக்காக அசுந்தாவின் சோள மூட்டையை மேட்டில் ஏற்றித் தருகிறேன் என்று முன்வந்தேன். சில படிகள் வரை மூட்டையை நான் தூக்கினேன். மீதித் தூரம் மூட்டையையும் என்னையும் அவள் தூக்கினாள் என்றே சொல்லவேண்டும். உட்காரவைத்து, கோக்கா இலைத் தேநீர் கொடுத்து, "உங்களை எந்தப் புண்ணியவதி தனியா அனுப்புனா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அன்று மாலையிலிருந்து யாப்பா மறுபடி வந்துவிட்டது.

அடுத்து சேவல். நீ சொல்லி அனுப்பிய விதிகளை நான் பஸ்ஸில் செபமாலை உருட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தவன், மறக்கவில்லை. களிமண்ணில் செய்ததுதான் என்றாலும், துணை அமைய பெண்ணுக்குச் சேவல், ஆணுக்குக் கோழி. இந்த இரண்டை மட்டும் தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது, இன்னொருவர்தான் வாங்கித் தரவேண்டும். அலசீத்தா திருவிழா அன்று நண்பகல் மணி அடிக்கையில் சாம்பிராணிப் புகையும் ஒயினும் பூவும் அதன்மேல் பட வேண்டும். அதுவரை என் கையில் இருக்கலாம், பிறகு நொயெமி கைக்குத்தான் போகவேண்டும், நடுவில் வேறு எந்தப் பெண் கையிலும் படக்கூடாது. போன வருஷம் எதிர்வீட்டுக்காரர் கொண்டை உடைந்த சேவலை வாங்கிவந்ததில், நொயெமியைப் பார்க்க வந்த மாப்பிள்ளை முழு வழுக்கையாக இருந்ததை நான் மறப்பேனா? முப்பத்தெட்டு வயதில் அந்தப் பெண் இன்னொரு வருஷம் காத்திருப்பதா என்ற கவலை எனக்கும் உண்டு அக்கா. என்னை மாமா மாமா என்று அவள் ஒருத்திதான் கூப்பிடுகிறாள்.

அதனால் திருவிழா அன்று காலையிலிருந்தே தேடினேன். விரல் அளவு வீடு, நகத்தளவு நோட்டுக்கட்டு, கட்டைவிரலில் மாட்டுகிற சூட்கேஸ் என்று ஆசைப்பட்டதையெல்லாம் சின்னதாகச் செய்து குவித்திருக்கிறார்கள். ஒருத்தன் குட்டி விவாகரத்துப் பத்திரம்கூட விற்றான், அங்கேதான் கூட்டம். "சாயங்காலம் தானா வீடு திரும்பற முகமா இருக்கணும்" என்று நீ சொன்னதால் ஒவ்வொரு சேவலையும் தூக்கி முகத்தைப் பார்த்தேன். "பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கடைக்காரர் கேட்க, நானும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். "முப்பத்தெட்டுக்கா இந்தக் குஞ்சு? பெருசா எடுங்க!" என்கிறாள் ஒருத்தி. "பெருசு வேணாம், பெருசு ஊர் சுத்தும்" என்கிறாள் இன்னொருத்தி. கடைசியில் சிவந்த கொண்டையோடு, இரண்டு காலும் தரையில் ஊன்றி, கடன் இல்லாதவன் முகத்தோடு ஒன்று கிடைத்தது. அதைக் கையில் பொத்திக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலய வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாம்பிராணிச் சட்டியோடு பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அசுந்தாவும் அங்கே இருந்தாள். தகரக்கூரை போட்ட ஒரு குட்டிக் கடை வாங்கியிருந்தாள். மழைக்கு ஒழுகாத கடை வேண்டுமென்பது அவள் ஆசை. தியோஃபிலா ஒரு குட்டி லாரியோடு நின்றாள். நாங்கள் மூவரும் ஒரே பெரியவர் முன்னால் நெருக்கப்பட்டோம். அந்த நேரம் பார்த்து வானம் உடைந்து ஆலங்கட்டி கொட்டியது, கூடவே காற்று. என் வலது கையில் சேவல். இடது கை, நீ சொன்னபடி, பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது. தலையில் சோய்லா வாங்கிக் கொடுத்த தொப்பி. அது கிளம்பிவிட்டது. தப்பு உன்மேல் என்று சொல்லவரவில்லை அக்கா, ஆனால் பையை விடாதே என்று நீ சொல்லாமலிருந்தால் எனக்கு ஒரு கை மிச்சம் இருந்திருக்கும். யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் இருந்த கையில் சேவலை வைத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று சொல்லி, எட்டித் தொப்பியைப் பிடித்தேன். பிடித்துவிட்டேன். அதே நொடியில் ஊரிலுள்ள எல்லா மணியும் அடித்தது.

திரும்பிப் பார்த்தால், அசுந்தாவின் இரண்டு உள்ளங்கைக்குள் சேவல். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சேவல்மேல் புகை காட்டுகிறார், ஒயின் தெளிக்கிறார், மஞ்சள் பூவைத் தூவுகிறார். அதே வேகத்தில் என் பைக்கும் ஒரு சுற்றுப் புகை காட்டி ஒயினைக் கொட்டிவிட்டார். கறை போகவில்லை, அதற்கும் மன்னிப்பு.

முதலில் வாயைத் திறந்தது தியோஃபிலாதான். "அடியே அசுந்தா! தாரிஹாக்காரரு உன் கையில சேவலைக் குடுத்துட்டாருடீ! மணி அடிக்கையில குடுத்துட்டாரு! எல்லாரும் பாத்துக்கங்க!"

"ஐயோ, குடுக்கல! பிடிக்கத்தான் சொன்னேன்! இது எங்க அக்கா பொண்ணுக்கு!" என்று நான் கத்தினேன். அந்த அவசரத்தில் என் இழுவைகூடக் காணாமல் போனது.

"பிடிக்கச் சொல்றதுக்கு இங்க நான் இல்லியா? என் கை என்ன சுளுக்கா?" என்றாள் தியோஃபிலா. கூட்டம் கெக்கலி கொட்டியது. நான் பெரியவரிடம் முறையிட்டேன். அவர் அவசரமே படாமல் கோக்கா இலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "குடுத்தது குடுத்ததுதான் தம்பி. புகை பட்டதுக்கு அப்புறம் அது அந்தம்மாவோடது. அவங்களா மனசு வச்சுத் திருப்பிக் குடுத்தா எடுத்துக்க. பிடுங்கினா யாருக்கும் ஆகாது" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நொயெமியின் முகம் வந்தது, அதற்குப் பின்னால் உன் முகம் வந்தது. அழாத குறைதான். அசுந்தா சேவலை ஆலங்கட்டி படாமல் சால்வைக்குள் வைத்திருந்தாள். அவள் குட்டிக் கடை பாவம், மழையில் நனைந்துகொண்டிருந்தது. சேவலை வெளியே எடுத்து நீட்டினாள்.

"எடுத்துக்கங்க ஐயா. அந்தப் பொண்ணு காத்திருக்கும். நான் ஒண்ணும் கேக்கல." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னமோ ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. நான்தான் ஊருக்கெல்லாம் யாப்பா ஊத்தறேன். எனக்குன்னு ஒரு அவரைக் கொட்டைய யாரும் கூடப் போட்டதில்ல."

அக்கா, நீ என் இடத்தில் இருந்திருந்தால் வாங்கியிருப்பாயா? நீ வாங்கியிருப்பாய். நான் கையை நீட்டினேன், அது பாதியில் நின்றுவிட்டது. "வச்சுக்கங்க, உங்களுக்குத்தான்" என்று என் வாய் சொன்னது. சத்தியமாக நான் சொல்ல நினைத்து வந்தது அதுவல்ல. கூட்டம் கைதட்டியது. தியோஃபிலா தன் குட்டி லாரியை ஆட்டி ஹாரன் அடிப்பதுபோல வாயால் ஊதினாள்.

அதற்குப்பிறகு அசுந்தா ஒரு காரியம் செய்தாள். நேரே சந்தைக்குத் திரும்பி, கஞ்சிப் பானையை மூடி, தியோஃபிலாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பட்டப்பகலில், திருவிழா நாளில், கடையைச் சாத்தினாள். "வாங்க, உங்க பொண்ணுக்கு வேற சேவல் பாப்போம்" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எத்தனை தெரு, எத்தனை மேடு! நல்ல சேவலெல்லாம் நண்பகலுக்கு முன்பே போய்விட்டிருந்தது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அவித்த சோளமும் அவரையும் சீஸும் வாங்கி ஒரே தட்டில் சாப்பிட்டோம். இரண்டு தட்டு வாங்கலாம் என்றுதான் நான் சொன்னேன், குறித்துக்கொள். கடைசியில் ஒரு சேவல் கிடைத்தது. ஒரு கண்ணில் சாயம் இல்லை, மற்றபடி கம்பீரம். அசுந்தா பேரம் பேசிய பேச்சில் கடைக்காரன் ஒரு குட்டி மாவு மூட்டையையும் யாப்பாவாகக் கொடுத்து, போனால் போதும் என்று கும்பிட்டான். நேரம் தப்பினாலும் அந்தப் பெரியவர் மறுபடி புகை போட்டுக் கொடுத்தார். "மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டா வருவான், வந்தா ஒழுங்கா இருப்பான்" என்றார். ஒற்றைக்கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, "பொண்டாட்டி தப்பைப் பாதிதான் பாப்பான், நல்லதுதானே" என்றார். ஆகவே நொயெமியிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை.

முதல் சேவல் அசுந்தாவின் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீ மனக்கோட்டை கட்டாதே. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இந்த வயதில் எனக்கு வானொலி போதும். காலையில் நான் போய் அவளுக்குச் சோளம் உதிர்த்துக் கொடுப்பதும், குவளை கழுவுவதும், என் ஊர் இழுவையில் "கஞ்சி சூடா இருக்கேய்" என்று கூவுவதும் வெறும் நன்றிக்காக. அந்த இழுவையைக் கேட்கவே கூட்டம் வருகிறது என்று அவள் சொல்வது வியாபார விஷயம். நேற்று சோய்லாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அசுந்தாவும் அவள் கணவரைப் பற்றிச் சொன்னாள், நானும் குறுக்கே பேசவில்லை. இரண்டு குவளைக் கஞ்சி ஆறிப்போனது, அவ்வளவுதான் நடந்தது. என்னை பஸ் ஏற்றாமல் விட்டிருந்தால் இப்படி ஒரு காலை இந்த உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அதற்காக உன் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போலிருக்கிறது, உன் முட்டிவலி சரியானபிறகு.

சனிக்கிழமை பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், ஒற்றைக்கண் சேவலோடு வந்து சேர்கிறேன். பின்கட்டு அறையைத் திறந்து காற்றோட்டமாக வை. வானொலிக்குப் புது பாட்டரி போடு.

கன்னி மரியாள் உன் முட்டிக்கும் நம் கொடிக்கும் காவலிருக்கட்டும். நொயெமிக்கு ஆசி, எதிர்வீட்டுக்காரருக்கு வணக்கம், நாய்க்கு என் பங்கு எலும்பு.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
எவாரிஸ்தோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் குளிர் ரோஷத்தை வென்றுவிட்டது. காலுறையை எடுக்கப் பையின் அடியில் கைவிட்டேன். இடது காலுறைக்குள், உன் நீலக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு களிமண் கோழி இருந்தது. அதன் முதுகில் ஒயின் கறை. அன்று நண்பகலில் புகை பட்டபோது அதுவும் என் தோளில்தான் இருந்திருக்கிறது. உடனே நொயெமிக்குப் போன் போட்டேன். "எனக்கு எதுக்கு மாமா சேவல்? நானும் சங்கீத வாத்தியாரும் ஈஸ்டருக்கு மோதிரம் மாத்தறோம், அம்மாவுக்கு நவம்பர்லயே தெரியுமே" என்று சிரிக்கிறாள். அக்கா, உன்னை என்ன செய்தால் தகும்? கோழியைச் சேவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். சனிக்கிழமை ஜன்னலோர இருக்கையில் ஒற்றைக்கண் சேவல் மட்டும் வரும், சங்கீத வாத்தியாருக்குக் கொடு. திரும்புகிற பஸ்ஸில் என் ஞானஸ்நானச் சான்றிதழை அனுப்பி வை, கல்யாண ஓலை வாசிக்கப் பாதிரியார் கேட்கிறார். வானொலியை நீயே வைத்துக்கொள். சேவல் வாங்கினதுக்கு அசுந்தாவுக்கு நான்தான் யாப்பா என்று தியோஃபிலா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அசுந்தாவும் மறுக்கவில்லை.